விக்கல் நோட்டு

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி பத்து நிமிஷத்துக்கு, செல்லாண்டி தையல் மெஷின் கம்பெனியில் உதவிப் பக்கம் எழுதுகிற சுகந்திக்கு முதல் விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தாள், நிற்கவில்லை. சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணிப் பார்த்தாள், இருபத்தொன்றாவதாக விக்கல்தான் வந்தது. எங்கேயோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் அவள் எழுதிய பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, புரியாமல், இதை எழுதினது யாரடா என்று நினைக்கிற நேரத்துக்குச் சரியாக அந்த விக்கல் வருகிறது என்று தெரிய மூன்று நாள் ஆனது. தெரிந்த பிறகு கம்பெனி இருந்த பல்லடம் ரோட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த துளசிமணியைத் தவிர.

அந்தக் கம்பெனி மெஷினின் தலையில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போனை அதற்கு நேராகக் காட்டினால் நெட்டில் ஒரு பக்கம் திறக்கும்: நூல் அறுந்தால் என்ன செய்வது, பாபின் சிக்கினால் என்ன செய்வது, சின்னத் திரையில் எண் மின்னினால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பத்திரண்டு பக்கங்கள். அதில் பதினெட்டைச் சுகந்தி எழுதினாள். அவள் கல்லூரி முடித்தவள், முப்பத்திரண்டு வயது, கம்ப்யூட்டரில் பத்து விரலும் ஓடும். மீதிப் பதினான்கைத் துளசிமணி எழுதினாள். அவள் எட்டாவதோடு நின்றவள், நாற்பத்தேழு வயது, பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் என்கிற கரண்ட் தையல் மெஷினில் முப்பது வருஷம் உட்கார்ந்து இடுப்பு போனவள். கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதிக் கொடுப்பாள், சுகந்தி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

முதலாளி அந்தக் காலத்தில் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருந்து மேலே வந்தவர். பனியனைச் சரிபார்த்தவர் பெயரை எழுதிப் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டுப் போடுவார்களே, அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. பக்கம் எழுதினாலும், கடைசியில் எழுதினவர் பெயர் இருக்க வேண்டும், பேர் போட்டால்தான் கை பயப்படும் என்பார். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் சுகந்தி என்றோ துளசிமணி என்றோ இருக்கும்.

எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை நிமிஷம் இருந்தார்கள் என்று கம்ப்யூட்டரே கணக்கு வைத்திருந்தது. சனிக்கிழமைதோறும் மேனேஜர் ஜெகதீசன் அதைத் தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டுவான். ஆனால் அவனுக்கு அதில் திருப்தி இல்லை. ஆள் வந்ததும் தெரிகிறது, உட்கார்ந்ததும் தெரிகிறது, ருசித்து உட்கார்ந்தாரா தொண்டையில் சிக்கி உட்கார்ந்தாரா என்று தெரியவில்லையே என்று புலம்புவான். ஆகவே விக்கல் வந்தபோது அவன் ஆச்சரியப்படவில்லை, நோட்டு வாங்கி வந்தான். இருநூறு பக்க நீள நோட்டு. நேரம், பக்கம், விக்கல் சின்னதா பெரியதா என்று மூன்று பத்தி. கம்ப்யூட்டர் கணக்கையும் விக்கல் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஒற்றை விக்கல் என்றால் படிக்கிறவர் ஒரு வரியில் கால் தட்டித் தடுமாறி எழுந்து நடக்கிறார், இரட்டை விக்கல் என்றால் மேலே போய் மறுபடி படிக்கிறார், கண்ணில் நீர் வர நெஞ்சைப் பிடித்து இழுக்கிற நீள விக்கல் என்றால் போனை மூடி வைத்துவிட்டுத் திட்டுகிறார் என்று ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டான். எந்த வரியில் தட்டுகிறதோ அந்த வரியை உடைத்தார்கள், படம் போட்டார்கள், மேலே இருந்ததைக் கீழே இறக்கினார்கள். ஒரு பக்கம் சரியானால் விக்கல் அடுத்த பக்கத்துக்குப் போனது, அடுத்தது சரியானால் அதற்கும் அடுத்ததற்கு, சந்தைக்கு வந்தவள் கடை கடையாக ஏறி இறங்குவதைப் போல.

ஊர் அதைத் தன் வழக்கத்துக்கு ஏற்றுக்கொண்டது. யாராவது நினைத்தால் விக்கும், நிறையப் பேர் நினைத்தால் நிறைய விக்கும், இதில் என்ன இருக்கிறது என்றார் டீக்கடை மருதாசலம்; சொல்லிவிட்டு, சுகந்திக்கு மட்டும் டம்ளருக்கு மூடி போட்டு டீ கொடுத்தனுப்பத் தொடங்கினார். ஏழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர் ஜன்னல் ஓரம் ஒற்றை ஆள் சீட்டை அவளுக்கென்று விட்டார். லைன் வீட்டுப் பெண்கள் கல்யாணமாகிப் போகிற பெண்களை அழைத்து வந்து, போன இடத்தில் பிறந்த வீட்டை மறக்காமல் இருக்கட்டும் என்று, அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க வைத்தார்கள். மாரியம்மன் கோயில் நோட்டீஸில் நன்கொடையாளர் பட்டியலுக்கு மேலே "எல்லோராலும் நினைக்கப்படும் செல்வி சுகந்தி" என்று அச்சடித்தார்கள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வயதில் பிள்ளை இருக்கிறது என்று யாரோ சொல்ல, செல்வி என்பதை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு நோட்டீஸைக் கொடுத்தார்கள்.

துளசிமணிக்கு ஒரு விக்கல்கூட வரவில்லை.

முதல் வாரம் அவள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள். இரண்டாவது வாரம் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் சுவரில் ஒட்டிய கணக்கில், ஊசி மாற்றுவது எப்படி என்று தான் எழுதிய பக்கத்தைத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் பேர் திறந்திருக்கிறார்கள் என்று கண்டு நெஞ்சு குளிர்ந்து, அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கண்டு மறுபடி வெந்தாள். ஒரு நிமிஷம். காப்பி ஆறுவதற்குள் எழுந்து போகிற விருந்தாளி போல. அக்கா, உங்க பக்கத்துல யாரும் தட்டறதில்லீங், அதனாலதான் விக்க மாட்டேங்குது என்று ஜெகதீசன் சொன்னபோது அது ஆறுதலுக்குச் சொன்னது என்று நினைத்தாள். சுகந்தியை நினைக்கிறவர்கள் திட்டித்தானே நினைக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன. திட்டியாவது நினைக்கிறார்கள். அவளுடைய ஒரே மகள் கலைவாணி சூரத்தில் வாக்கப்பட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், கைவேலையா இருக்கேம்மா என்று வைத்துவிடுவாள். புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் சாப்பிடும்போது எப்போதாவது புரையேறும், தலையில் தட்டிக்கொண்டு, அவர் லோடு இறக்கிவிட்டு வந்துகொண்டிருக்கிறார் என்று உலை வைப்பாள். அவர் போன ஆறு வருஷத்தில் அவளுக்குப் புரைகூட ஏறியதில்லை. ஆறு வருஷமாக அவள் சாப்பாடு தங்கு தடையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்க, பக்கத்து மேஜையில் ஒருத்தி, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஈரோட்டாலும் சேலத்தாலும் சிவகாசியாலும் நினைக்கப்பட்டு நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டிருந்தாள். அவள் விக்கும் ஒவ்வொரு முறையும் துளசிமணியின் பேனா வரியில் இருந்து வழுக்கியது. மூடி போட்ட டம்ளரைப் பார்த்தால் எரிந்தது. ஜன்னல் ஓரச் சீட்டைப் பார்த்தால் எரிந்தது. சுகந்தியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததைப் பார்த்தபோதுகூட, அதுவும் ஒரு நகை போல அவளுக்குத் தெரிந்தது. பிள்ளையை மடியில் போட்டால் விக்கி விக்கி அதை எழுப்பிவிடுகிறேன் அக்கா, அவர் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார் என்று சுகந்தி சொன்னதைத் துளசிமணி பெருமை பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

புரட்டாசி முதல் வியாழக்கிழமை அவள் பொட்டுக்கடலையை வறட்டு மாவாக அரைத்து, சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். பதினொன்றரை மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு கை அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். தொண்டையை அடைத்தது, கண் பிதுங்கியது, பிறகு வந்தது: முழுசாக, சத்தமாக, அறை முழுக்கக் கேட்கிற ஒரு விக்கல்.

ஜெகதீசன் நோட்டோடு ஓடி வந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான், அந்த நேரத்தில் ஊசிப் பக்கத்தை யாரோ திறந்திருந்தார்கள், அந்தப் பக்கத்தை எந்த நேரமும் யாராவது திறந்துதான் இருப்பார்கள். எழுதிக்கொண்டான். சுகந்தி தன் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"குடிங்கக்கா. முதல் விக்கல் நெஞ்சுல வலிக்கும், அப்பறம் பழகிரும்."

அந்தத் தண்ணீரைத் துளசிமணி குடித்தாள். அதைப் போல ருசியான தண்ணீரை அவள் வாழ்நாளில் குடித்ததில்லை. சாயந்தரம் மருதாசலம் இரண்டு டம்ளருக்கு மூடி போட்டு அனுப்பினார்.

ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆரம்பித்தது மூன்றானது, மூன்று ஐந்தானது. மாவு தீர்ந்தபோது அவல், அவல் தீர்ந்தபோது வறுத்த அரிசி. லைன் வீட்டில் இருந்து ஒரு கல்யாணப் பெண்ணை இவளிடமும் அழைத்து வந்தார்கள். தண்ணீர் கொடுக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர்கள் அருள் என்று நினைத்துக்கொண்டார்கள். நாற்பது விக்கல் சேர்ந்ததும் ஜெகதீசன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஊசிப் பக்கத்துல சனங்க சிக்கறாங்க. எந்த வரியிலன்னு தெரியலை. உங்களுக்கு விக்கும்போது எந்த வரி ஞாபகத்துக்கு வருதுங்?"

துளசிமணி அந்தப் பக்கத்தை மனதுக்குள் படித்துப் பார்த்தாள். முதல் வரி: சுவிட்சை அணையுங்கள். இரண்டாவது வரி: அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு அணையும்வரை ஊசி ஒரு தடவை தானாக இறங்கும், அதனால் பத்து எண்ணிவிட்டுக் கை வையுங்கள். அந்த வரியை அவள் பேனாவால் எழுதவில்லை, இடது மோதிர விரலால் எழுதினாள். இருபத்திரண்டு வயதில் அந்த விரலின் நகத்துக்குள் ஊசி இறங்கி எலும்பைத் தொட்டு நின்றது. இன்றைக்கும் அந்த நகம் நடுவில் கோடு விழுந்து, இரண்டாகப் பிளந்த துவரம்பருப்பு மாதிரி இருக்கும். மற்ற வரிகள் எல்லாம் ஒரு சொல், இரண்டு சொல். நீளமான வரி அது ஒன்றுதான். தட்டுகிற வரி என்று எதைக் காட்டினாலும் நம்ப மாட்டான், அதைக் காட்டினால் நம்புவான். ஒன்றும் இல்லை தம்பி, எல்லாம் பொய் விக்கல் என்று சொல்லவும் வாய் வந்தது. மூடி போட்ட டம்ளர் கண்ணில் பட்டது.

"ரண்டாவது வரிங்க தம்பி," என்றாள்.

அவன் அதை எடுத்துவிட்டான். ஒரேயடியாக எடுக்கவில்லை, பக்கத்தின் கடைசியில், அவள் பெயருக்கும் கீழே, மற்ற குறிப்புகளோடு சின்ன எழுத்தில் போட்டான். மறுநாள் தொடங்கி அவள் விக்குவதைக் குறைத்துக்கொண்டாள். பார்த்தீங்களா, சரியாயிருச்சு என்று அவன் முதலாளியிடம் போய்ச் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து துளசிமணிக்கு அந்த நகம் இரவு பகல் பார்க்காமல் குறுகுறுத்தது. பனிக்காலம் வரப்போகிறது, அதனால்தான் என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள்.

ஐப்பசி வந்தது. தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. நாடு முழுக்க மெஷின்கள் ஓடின, முப்பத்திரண்டு பக்கங்களையும் சனங்கள் புரட்டினார்கள், சுகந்தி பேச்சுக்கு நடுவில் விக்காமல் விக்கலுக்கு நடுவில் பேசினாள். அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். துளசிமணி முதல் கவளத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

அப்போது வந்த விக்கலில் அவள் டிபன் பாக்ஸின் மூடி தரையில் விழுந்து உருண்டு வாசல்வரை போனது. அதற்குள் இரண்டாவது வந்தது. மாவும் இல்லை, அவலும் இல்லை, வாயில் ஒரு பருக்கைகூட இல்லை. அடிவயிற்றில் இருந்து யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வந்தது, ஒவ்வொன்றுக்கும் கூடவே இடது மோதிர விரலில் ஊசி இறங்கியது. சுகந்தி முதுகைத் தடவினாள். மருதாசலம் கடையை அப்படியே விட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். வாசலில் வண்டியில் வெள்ளரிக்காய் விற்றவள் உள்ளே வந்து, வயசான காலத்தில் இந்த அக்காவை யாரோ இப்படி நினைக்கிறார்களே, குடுத்து வைத்தவள் என்றாள்.

ஐந்தாவது விக்கலில் துளசிமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நினைக்கப்படுவது என்றால் என்ன என்று மூன்று மாதமாகப் பக்கத்து மேஜையைப் பார்த்து வெந்துகொண்டிருந்தவள், இப்போது அது தன் மேலேயே ஏறி உட்கார்ந்ததும், ஜெகதீசனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்த நோட்டுல... எம் பேர்ல இருக்கறது பூராம் பொய். கடலை மாவைத் தின்னுட்டு விக்குனேன். அந்த ரண்டாவது வரியில... யாரும் தட்டவேயில்லை. ஊசிப் பக்கத்தைப் பாருங்க. யாரோ கையை வச்சிட்டாங்க."

சுகந்தியின் விக்கல்கூட அந்த ஒரு நிமிஷம் மரியாதையாக நின்றது. ஜெகதீசன் கம்ப்யூட்டருக்குப் போனான். ஊசிப் பக்கத்தில் ஒரே நிமிஷம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் கால் மணி நேரமாகப் போகாமல் இருந்தார். மெஷின் நம்பரை வைத்துத் தேடினால் வாங்கினவர் பெயரும் போன் நம்பரும் வந்தது: மாதம்மாள், மேச்சேரி.

போன் போட்டதும் முதல் மணியிலேயே எடுத்தாள். யாருங்க என்கிற குரலில் ரத்தம் இல்லை. ஜெகதீசன் போனைத் துளசிமணியிடம் நீட்டினான். அவள் விக்கலை விழுங்கி விழுங்கிப் பேசினாள்.

"அம்மிணி, ஊசி விரல்ல எறங்கிருச்சா?"

"ஆமாக்கா. இடது கை மோதிர விரலு. அப்படியே நிக்குது. நீங்க யாரு?"

"சுவிட்சு?"

"அணைச்சுட்டேன். செவப்பு லைட்டும் போயிருச்சு. ஆனா வீலத் தொட்டா மறுக்கா எறங்குமோன்னு பயந்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அவரு போனை எடுக்கல. பக்கத்து வீட்ல எல்லாம் களையெடுக்கப் போயிட்டாங்க. இந்தப் பக்கத்தைத்தான் மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் படிச்சிட்டிருக்கேன்."

"லைட்டு போயிட்டா அது செத்த பாம்பு, எறங்காது. போனைக் கீழ வச்சு ஸ்பீக்கரைப் போடு. பெடல்ல இருந்து காலை எடு. எடுத்தாச்சா? வலது கையால வீலைப் புடிச்சு, உன்ற பக்கமா, மாவாட்டற மாதிரி மெதுவா ஒரே திருப்பு. நடுவுல நிறுத்தாதே. நானும் எண்றேன்."

அவள் எண்ணினாள். ஒன்று, விக்கல், இரண்டு, விக்கல், மூன்று. சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள், தன் விக்கல் போனுக்குள் போய்க் கணக்கைக் கெடுத்துவிடக்கூடாது என்று. ஆறு என்று சொல்லும்போது அந்தப் பக்கத்தில் இருந்து அம்மா என்று ஒரு சத்தம் வந்தது. துளசிமணியின் விக்கல், கத்தரித்த நூல் மாதிரி, நின்றது.

"முனை ஒடியாம முழுசா வந்திருக்கா பாரு."

"முழுசா இருக்குக்கா."

"துணியை இறுக்கிக் கட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்க. இன்னிக்கே போகணும்."

"ஊசி குத்துனதுக்கு இன்னொரு ஊசியா," என்று மாதம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு சொன்னாள்: "முன்னாடி இதுல பத்து எண்ணச் சொல்லி ஒரு வரி இருக்கும்க்கா. நான் எப்பவும் எண்ணிட்டுத்தான் கை வெப்பேன். இந்தத் தடவ பாத்தா அந்த எடத்துல அந்த வரியக் காணோம். சரி, மெஷினச் சரி பண்ணிட்டாங்க போல, இனி எண்ண வேண்டியதில்லன்னு நெனச்சிட்டேன்."

துளசிமணி தன் பிளந்த நகத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு, அந்த வரியை எழுதினது யாரென்று எப்போதாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி இல்லை, கேட்க வேண்டிய நேரமும் இல்லை, ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"இல்லியேக்கா. ஊசிய மாத்துனமா, தைச்சமான்னு இருப்போம். அதையெல்லாம் யாரு பாப்பாங்க?"

அன்றைக்குச் சாயந்தரமே இரண்டாவது வரி இரண்டாவது வரிக்கு வந்துவிட்டது. அதற்கு மேலேயே பட்டை எழுத்தில், இனி இதை யாரும் எடுக்கக்கூடாது என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். துளசிமணியை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். விக்கல் நோட்டை அவள் முன்னால் வைத்து, பொய்யை எல்லாம் நீயே அடித்துக் கொடு என்றார். செக்கிங்கில் பழுதான பீஸை அதைத் தைத்தவளையே பிரிக்க வைப்பார்களே, அந்த வழக்கம். எல்லோரும் பார்த்திருக்க, சிவப்புப் பேனாவால், அறுபத்தொரு விக்கலை அவள் அடித்தாள். அடிக்காமல் விட்டுப்போனவை நான்கு இருந்தன. எந்த நேரம், எந்த மாவு என்று யோசித்து அவற்றையும் அடித்தாள். மருதாசலம் ஒரு டம்ளருக்கு மூடியை நிறுத்தினார். கல்யாணமாகிப் போன அந்தப் பெண்ணுக்கு மட்டும் சுகந்தி வேறு தண்ணீர் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது.

அடித்து முடித்த நோட்டில் சுகந்தியின் விக்கல்கள் மட்டும் இருந்தன, வரி வரியாக, ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு. துளசிமணி அவற்றைப் பொறாமை இல்லாமல் முதல் தடவையாகப் படித்தாள். பொறாமை இல்லாமல் என்று சொல்வது சரியில்லை. பொறாமையோடுதான், ஆனால் விரலில் வலியும் இருந்ததால் படிக்க முடிந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் பின்னால் ஒரு மாதம்மாள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

நாற்காலியைச் சுகந்தியின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நூல் அறுந்தாங்கற பக்கத்தை எடு. நீ கம்ப்யூட்டர்ல பாக்காதே. என்னைப் பாத்துச் சொல்லு, நான் ஒண்ணுந் தெரியாத தையக்காரி."

ஒரு மாதம் இருவரும் உட்கார்ந்தார்கள். சுகந்தி சொல்வாள், துளசிமணி காற்றில் கையால் நூல் கோர்த்துப் பார்ப்பாள், கை எங்கே நிற்கிறதோ அங்கே வரி மாறும். சண்டை போட்டார்கள். இது தமிழே இல்லை அக்கா என்று அவள் சொல்வாள், இது தையலே இல்லை அம்மிணி என்று இவள் சொல்வாள். தொண்ணூறு அறுபதானது, அறுபது இருபதானது. ஊர் முகம் சுளித்தது. அந்தக் கிழவி கண்ணு வைத்தே பொண்ணுக்கு விக்கலை நிறுத்திவிட்டாள் என்று பஸ்ஸில் பேசினார்கள். கண்டக்டர் ஜன்னல் சீட்டில் வேறு ஆளை உட்கார வைத்தார். கார்த்திகை தீபத்தன்று மத்தியானம் பதினெட்டுப் பக்கமும் திறந்திருக்க, ஆட்கள் வந்து வந்து போய்க்கொண்டிருக்க, சுகந்தியின் தொண்டை அசையவில்லை. அவள் மேஜையில் தலை வைத்து நான்கு மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள். இருநூறு பக்க நோட்டில் மீதித் தாள் வெறுமையாகக் கிடந்தது.

அதற்கு மறுவாரம், ஒரு புதன்கிழமை, காலை காப்பிக்குப் பிறகு, துளசிமணிக்கு ஒரு விக்கல் வந்தது.

சின்னது. வலிக்கவில்லை, விரலைத் தொடவில்லை, மூடியை உருட்டவில்லை. ஜெகதீசன் பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து, கம்ப்யூட்டரைப் பார்த்தான். அவளுடைய பதினான்கு பக்கத்தில் ஒன்றைக்கூட அப்போது யாரும் திறந்திருக்கவில்லை. அவள் டப்பாவை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். தயிர் சாதம்தான் இருந்தது.

"எந்தப் பக்கம்னு எழுதறதுங்க்கா?"

எழுத வேண்டாம் தம்பி, விடுங்க என்றாள். மேச்சேரியில் கட்டுப் பிரித்த விரலை யாராவது வெயிலில் நீட்டிப் பார்த்திருக்கலாம். சூரத்தில் ஒருத்தி, கைவேலைக்கு நடுவில், அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றிருக்கலாம். அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவசரமில்லை.

இரண்டாவது விக்கல் வந்தபோது சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாரமாக யாராலும் நினைக்கப்படாத அந்தப் பெண்ணின் கண்ணில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. மூன்று மாதம் தன் கண்ணிலேயே குடிவைத்துச் சோறு போட்டதால் துளசிமணிக்கு அது யாரென்று உடனே தெரிந்தது.

"யாருக்கா நினைக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே சுகந்தி தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள், கொஞ்சம் வேகமாகவே.

துளசிமணி டம்ளரைக் கையில் எடுத்தாள், உதடுவரை கொண்டுபோனாள். பிறகு குடிக்காமல், மூன்றாவது விக்கலுக்காக, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.